அறுநூறு வெப்பநாள்

கிராம்பு எண்ணெய் கலப்பது என் வேலை.
தொட்டியில் சால்மன் குஞ்சுகள் முதலில் மிரளும்.
பிறகு, குடித்தவன் சுவரைத் தேடுவதுபோல்
பக்கவாட்டில் சாயும்.
செவுள் மட்டும் மறக்காமல் திறந்து மூடும்.
அளவு கூடினால் அதுவும் மறந்துபோகும்.
குறைந்தாலோ, ஊசிக்கு முன்னால் விழித்துக்கொள்ளும்.

மேசையில் எட்டுப் பெண்கள்.
மஞ்சள் ரப்பர் அங்கி, மூலையில் கரகரக்கும் வானொலி,
சிலோயேத் தீவின் மழை
தகரக் கூரையில் தன்பாட்டுக்கு.
மூன்றாவதாக நிற்பவள் நெல்டா மில்லாதுரேயோ.
இடக்கையில் மீனைப் புரட்டி
வயிற்றுத் துடுப்புக்கு ஒரு துடுப்பளவு முன்னால்
ஊசியை வைப்பாள்.
சொடுக்கு.
பால்நிறத்தில் ஒரு சொட்டு உள்ளே.
மீன் சரிவில் வழுக்கித் தண்ணீருக்கு.
மணிக்கு இரண்டாயிரம்.
முகம் பார்த்துச் செய்கிற வைத்தியம் இல்லை இது.

எதற்காக என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
போன கோடையில் கடல்கூண்டுகளைப் பார்த்திருக்கிறோம்:
கல்லீரலில் வெள்ளை வளையங்கள்,
தோலில் நெருப்பு பட்டதுபோல் புண்,
வலையோரம் கறுத்துப்போய், இரை வேண்டாமென்று
ஒதுங்கி நின்ற மீன்கள்.
தீவனத்தில் மருந்து கலந்து கொட்டினார்கள்.
சாப்பிடுகிற மீனுக்கு மருந்து சேர்ந்தது.
நோயாளிதான் சாப்பிடவே இல்லை.

நெல்டாவின் அண்ணன் ரொசமெல்
முக்குளித்துச் செத்ததை அள்ளுகிறவன்.
ஒரே நாளில் பதினோரு தொட்டி அள்ளினான்.
வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தும்
அவன் பிள்ளை மடியில் உட்காரவில்லை.

புதன்கிழமை,
மாத்தே குடிக்கும் இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்க,
யாரோ சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியின் வாசனை
கிராம்பை மீறி வந்துகொண்டிருக்க,
ஒரு மீன் துள்ளியது.
(என் எண்ணெய் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.)
சொடுக்கு.
நெல்டா கத்தவில்லை.
கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலைப் பார்த்தாள்.
எந்த மீனையும் அவ்வளவு நேரம் பார்த்தவள் இல்லை.

மேற்பார்வையாளர் பாரியென்டோஸ்
மருந்தோடு வந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.
"உள்ளே போனது எண்ணெய்.
சின்னப் புள்ளிதானே என்று டாக்டர் விட்டுவிடுவார்.
இதைக் காட்டு. கட்டாயம் காட்டு."
வண்டியில் ஏறும்போது அவள் கேட்டது:
"என் எண்ணிக்கை எவ்வளவு?"
ஏழாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று.
மீனுக்கு இத்தனை பெசோ என்று கூலி.
ஆனால் ஊசிப்பொறிக்கு மீன் தெரியாது.
அது சொடுக்கை எண்ணுகிறது.

ஊசி போட்டதுமே மீனுக்குக் காப்பு வந்துவிடாது.
தண்ணீரின் வெப்பத்தை நாட்களால் பெருக்க வேண்டும்,
அறுநூறு வரும்வரை.
பன்னிரண்டு டிகிரித் தண்ணீரென்றால் ஐம்பது நாள்.
குளிர்ந்தால் இன்னும் நீளும்.
முதலாளி தொலைபேசியில் கத்தினாலும்
கடலுக்கு ஏற்றிப்போகும் கப்பல்
துறையில் கிடக்க வேண்டியதுதான்.

விரலைக் கீறி எண்ணெயைக் கழுவி எடுத்தார்களாம்.
கட்டோடு வீட்டில் இருந்தவள்
எனக்கொரு செய்தி அனுப்பினாள்:
"உடம்பு முப்பத்தேழு டிகிரி.
அறுநூறை வகுத்துப் பார்.
பதினாறு நாள், கொஞ்சம் மிச்சம்."

பதினேழாம் நாள் வந்தாள்,
விரல்நுனி மழுங்கி, நகம் கறுத்து.
"இனி என்னைக் கடலில் விடலாம்" என்றாள்.
மேசையே சிரித்தது.
நானும் சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக.

அவள் ஊசி போட்ட மீன்கள் அப்போதும் உள்தொட்டியில்தான்.
அவற்றுக்கு இன்னும் முப்பத்துமூன்று நாள் பாக்கி.
சம்பளச் சீட்டில்
ஏழாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றுக்கும் கூலி இருந்தது.
யாரும் ஒன்றைக் கழிக்கவில்லை.
வலக்கையால் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நான் என் தொட்டிக்குத் திரும்பினேன்.
அளவுக்குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிக்
கோட்டைப் பார்த்தேன்.
இன்னொரு முறை பார்த்தேன்.